கரும்புத் தொட்டிலின் பின்முனை

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. 2024 தைப்பூசத்தன்று அத்தனை படியையும் தோளில் கரும்போடு ஏறினேன். கரும்புத் தொட்டில். முன்முனை என் மனைவியின் தோளில், பின்முனை என் தோளில், நடுவே மஞ்சள் புடவைக்குள் மூன்று மாத மகன். தூக்கியவர்களுக்குத் தெரியும்: சமதரையில் பாரம் இருவருக்கும் ஒன்றுதான், படி ஏறத் தொடங்கியதும் பின்னால் வருகிறவர் பக்கம் இறங்கிவிடும். அதனால்தான் என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். பின்னால் நடக்கிறவனுக்கு முன்னால் போகிறவளின் முகமும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பிடரியும், கரும்பில் படிந்திருந்த வெள்ளை மாவு வியர்வையில் கரைந்து ரவிக்கையில் கோடுகோடாக இறங்கியதும்தான்.

வழியில் நின்றவர்கள் எங்களைக் கண்டதும் ஒதுங்கினார்கள். ஒரு பாட்டி குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எத்தன வருசம்யா?"

"ஏழு வருசம் பாட்டி."

"முருகன் கண்ணத் தொறந்துட்டான் பாத்தியா!"

சிரித்தேன். அப்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்: இந்தக் கரும்பை யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட வேண்டும். எங்கே என்று கேட்டால் தெரியாது. முன்னால் போனவளுக்குள் என்ன ஓடியது என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்கும் அதேதான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2016இல். நான் பிறையில் குடியிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் பாலம் தாண்டிப் போய் வருகிற டெக்னிஷியன். 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறிமாறி வரும். மனைவி பட்டர்வொர்த்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். முதல் வருடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே போனாலும் "விசேஷம் ஏதும் உண்டா", "வயித்துல பூச்சி புழு ஒண்ணும் இல்லியா". கேட்பது அவளிடம்தான். என்னிடம் ஃபுட்பால் பற்றிப் பேசுவார்கள்.

அம்மா புக்கிட் மெர்தாஜாமில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து மருமகளை அழைத்துக்கொண்டு கிளம்புவார். அரசமரம் சுற்றியாகிவிட்டது, நாகருக்குப் பால் ஊற்றியாகிவிட்டது, கூலிமில் ஒருவர் மந்திரித்துக் கொடுத்த கயிறு இடுப்பில் ஏறியது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். "சஷ்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்று அம்மா சொல்வார். அகம் என்ற பை கருப்பைதானாம். மூன்று வருடம் அவள் பாலும் பழமுமாக இருந்து எழுந்தாள். நான் ஒரு நாள்கூட இருக்கவில்லை, இருக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பெண் மருத்துவர் முதல் நாளே சொன்னார், இரண்டு பேரையும் சோதிக்க வேண்டும் என்று. அவளுடைய சோதனைகள் ஒரு மாதத்தில் முடிந்தன. நான் எட்டு மாதம் இழுத்தேன். ஷிப்ட் ஒத்துவரவில்லை, லீவு இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டும். நாக்கில் வந்த காரணங்கள் எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடக் காரணம் இல்லை.

கடைசியில் 2019இல் விந்துச் சோதனைக்குப் போனேன். ஆய்வுக்கூடம் தீவில், ஜார்ஜ் டவுனில். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிஞ்சாமலும் விலகி இருக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். அங்கேயே ஓர் அறை உண்டு என்றும் சொன்னார். வெட்கம், வீட்டிலேயே எடுத்தேன். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினால் நடுவில் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது. மோட்டார் பாதையும் அடைத்துக்கொண்டது. கைக்கடிகாரத்தைப் பார்க்க ஒரு கையைத் தூக்கினால் டப்பா நழுவும். கீழே கடல், முன்னால் லாரி, அக்குளில் எங்கள் வம்சம். 52ஆவது நிமிடத்தில் கவுன்டரில் வைத்தேன். இப்போது சொல்லிச் சிரிக்கிறோம். அன்று சிரிக்கவில்லை.

முடிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம் விந்தணு என்று எழுதியிருந்தது. லட்சக்கணக்கு என்றதும் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருந்த கீழ் எல்லை ஒன்றரைக் கோடி. இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் ஓடவில்லை. குழந்தைக்காக மருத்துவரிடம் போகிற தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது என்று அந்த மருத்துவர் ஆறுதலாகச் சொன்னார். அரசமரத்தைச் சுற்றும் ஆண்களை நான் ஏன் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

கார் நிறுத்துமிடத்தில் வைத்து மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேணாம்."

"சரிங்க" என்றாள்.

அந்த ஒரு "சரிங்க"வை அவள் ஐந்து வருடம் சுமந்தாள். அடுத்த ஞாயிறும் அம்மா வந்தார், அவளும் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கூடவே கிளம்பிப் போனாள். நான் வாசலில் நின்று கேட்டைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கீழ்த்தரமான காரியம் எது என்று யாராவது கேட்டால் கேட்டைச் சாத்தியதைத்தான் சொல்வேன்.

சிகிச்சை பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, தேடினால் கிடைக்கும். எங்களுக்குச் சொல்லப்பட்டது இக்ஸி. ஒரே ஒரு விந்தணுவை எடுத்து ஊசி முனையில் முட்டைக்குள் செலுத்துவது. இந்த முறையில் முதல் குழந்தைகள் பிறந்தது 1992இல், பெல்ஜியத்தில். என்னைப் போன்ற ஆண்களுக்காகவே வந்த முறை, ஆனால் ஊசிகள் ஏறுவது பெண்ணுக்கு. கோவிட் வந்து இரண்டு வருடம் போயிற்று. பிறகு ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்தோம். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு அதிலிருந்து (2024 மே முதல் அதன் பெயர் அக்காவுன் செஜாத்ரா) எடுக்கலாம், வருமான வரியிலும் கழிவு உண்டு. தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நகையை அடகு வைத்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை. எங்களுக்கு எல்லாம் சேர்த்து 23 ஆயிரம் மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் கூட ஆனது.

ஊசியை நான்தான் போட்டேன். ஐஸ்பெட்டியில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் மருந்து. தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, இன்று இடது என்றால் நாளை வலது. கடைசி ஊசி மட்டும் நிமிடம் தவறக்கூடாது. அதிலிருந்து 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். ஒன்பது கிடைத்தது, ஆறு கருவானது, ஐந்தாம் நாள் தேறியது இரண்டு. முதலாவதை வைத்தார்கள். பதினோராம் நாள் காலையில் குளியலறையிலிருந்து வந்தவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் அன்று இரவு ஷிப்ட். படுத்துத் தூங்க வேண்டும், படுத்தேன். அவள் அலுவலகக் கழிப்பறையில் அழுதிருக்கிறாள். நான் தொழிற்சாலையில் சுத்த அறைக்குப் போடும் உடுப்புக்குள் அழுதேன். முகமூடி, தலைமூடி, கண்ணாடி எல்லாம் போட்டபின் உள்ளே யார் அழுகிறான் என்று எவனுக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேர் முகமும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

அந்த ஏழு வருடத்தில் நாங்கள் கற்றுத் தேர்ந்த வித்தை அது ஒன்றுதான்: எதிராளிக்குத் தெரியாமல் அழுவது. குழந்தை வந்தால் அந்த வித்தைக்கு வேலை இருக்காது என்று நினைத்திருந்தோம்.

இரண்டாவது கரு தங்கியது. 2023 அக்டோபரில் மகன் பிறந்தான். இயற்கையாகப் பார்த்துக்கொண்டிருந்து, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதும் அவசரமாக அறுத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அளவு பார்த்து, நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். நம் ஊரில் ரொம்பச் சாதாரணம், பக்கத்துக் கட்டிலிலும் அதே நீல வெளிச்சம்தான். ஆனால் ஏழு வருடம் காத்திருந்தவர்களுக்கு எதுவும் சாதாரணமாக வருவதில்லை.

என் லீவு அங்கேயே முடிந்துபோனது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு ஏழு நாள் சம்பளத்தோடு லீவு, அம்மாவுக்கு 60 நாளாக இருந்தது 98 நாள். அதற்கு முன்பு சட்டத்தில் அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை, ஆகவே குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த ஏழும் தொடர்ச்சியான ஏழு நாள். வார விடுமுறையும் அதற்குள்தான். ஆஸ்பத்திரி நாற்காலியில் ஐந்து, வீட்டில் இரண்டு. எட்டாம் நாள் இரவு ஷிப்டுக்குப் போனேன்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து அத்தை வந்தார், மனைவியின் அம்மா. நாற்பது நாள் பந்தாங், பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம். செலவு சாமான் இடித்துக் குழம்பு, பூண்டு வதக்கல், சுறாப்புட்டு, மஞ்சள் பூசிக் குளியல், சாம்பிராணி. எங்கள் ஃப்ளாட்டே காயமும் பூண்டுமாக மணந்தது. உடம்பைத் தேற்ற நம் ஆட்களை அடிக்க முடியாது. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப்படக்கூடாது என்று காதில் பஞ்சு வைப்பார்கள். அந்தக் காதுக்குள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை அழுவதால் இல்லை, குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருப்பது பதினோராம் மாடி. ஜன்னல் பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டாள். கை வழுக்கிவிடுமோ என்று பயம், இல்லை, தன் கை தானாகவே ஏதாவது செய்துவிடுமோ என்று பயம். அதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் காற்று ஆகாது என்றாள். பந்தாங் ஆயிற்றே, எல்லோரும் மெச்சினார்கள்.

ஒரு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கண்ணீர் விட்டிருக்கிறாள். என் அம்மா பார்த்துவிட்டார். "தவங்கெடந்து பெத்த புள்ளய மடியில வெச்சிக்கிட்டு அழுவியா? சாமி குடுத்தத வேணான்னு சொல்ற மாதிரி ஆயிரும்மா. தொடச்சிக்க." அம்மா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது அன்பு. ஆனால் நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். சும்மா பிறந்த பிள்ளையைப் பெற்றவர்கள் "ஐயோ, உயிர எடுக்குறான்" என்று சொல்லலாம். வேண்டிப் பெற்றவர்களுக்கு அந்த வாய் கிடையாது. கேட்டாய், கொடுத்தாகிவிட்டது, இனி வாயைத் திறக்காதே. கடன்காரன் வாங்கிய பணத்தைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பது மாதிரி. நேர்த்திக்கடன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

ஒரு மாதத்தில் அவளை கிளினிக்கில் பார்த்தபோது பத்துக் கேள்வித் தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் வந்தது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்கும்: சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தப்பு நடந்தபோது உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. அவள் கொஞ்சம்கூடத் தயங்காமல் மொத்தம் இரண்டு வருகிற மாதிரி டிக் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கணக்கு எழுதுகிறவள் அல்லவா, கூட்டுத்தொகை எங்கே வர வேண்டும் என்று தெரியும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

நம் நாட்டில் 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 4.4 சதவீதம் பேருக்கு என்று வந்தது. உலக அளவில் பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியப் பெண்கள் மூன்று பங்கு நிம்மதியாக இருக்கிறார்களா? இருக்கலாம். அந்தத் தாளை நிரப்பும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கேட்பேன்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் வராமல் இல்லை, கிடைத்த இடத்தில் தூங்கினேன். அழவும் இல்லை. எனக்கு வந்தது கோபம். லிஃப்ட் தாமதமானால் கோபம், சோற்றில் கல் இருந்தால் கோபம், ஓவியம் மாதிரித் தூங்கும் மகனைப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை, அது எல்லாவற்றையும்விட மோசம். ஓ.டி. யாருக்கு வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டால் முதல் கை என்னுடையது. "அண்ணே, புள்ள பொறந்ததும் பொறுப்பு வந்துருச்சு" என்று கூட வேலை செய்யும் பையன்கள் பாராட்டினார்கள். காசுக்காக என்று நானும் நம்பினேன். வேலை முடிந்து வந்து ஃப்ளாட்டின் கீழே மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பேன். பதினோராம் மாடியில் எங்கள் ஜன்னலில் விளக்கு எரியும். விளக்கு அணைந்த பிறகு மேலே போனால் போதும் என்று கணக்கு. ஒரு நாள் ஒன்றே கால் மணி நேரம் அப்படி இருந்திருக்கிறேன். கீழ் மாடி மலாய்க்காரப் பாட்டி வந்து எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு விடிகாலை மூன்று மணிக்கு, அவள் களைத்துப் படுத்திருக்க, என் கையில் அவன் நாற்பது நிமிடம் விடாமல் அழுதான். எனக்குள் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டு வந்தது. அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளி நடைபாதையில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம். உள்ளே அவன் கத்துவது கேட்டது. பெற்ற பிள்ளையை அழவிட்டு ஓடிவந்தவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பின்னாளில் மிஸ்ஸியிடம், கிளினிக் தாதியிடம், சொன்னபோது, நீங்கள் செய்தது சரி, கை நடுங்கும்போது குழந்தையைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும், எக்காரணம் கொண்டும் உலுக்கக் கூடாது என்றார். இதை எனக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கலாம். சாம்பிராணி போடச் சொல்லிக்கொடுக்க ஆறு பேர் இருந்தார்கள்.

அப்பாக்களுக்கும் இது வரும் என்பதை நான் நம்பவில்லை. பிள்ளை பெற்றது நானா என்ன? ஆனால் 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள்: சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு, அதுவும் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரும்போது அதிகம். அம்மா தளர்ந்தால் அப்பாவும் தளர்கிறார், அது சேர்ந்தே நடக்கிறது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. நமக்குப் பக்கத்தில் பிலிப்பைன்ஸின் செபூவில் 600க்கு மேற்பட்ட ஆண்களைச் சில வருடம் தொடர்ந்து பார்த்ததில், அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இறங்கியிருந்தது. 2011இல் வெளிவந்தது. பிள்ளையைத் தூக்கிச் சுமக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு என்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததும் ஒரு நிம்மதி. மாதம் எல்லாம் மனைவிக்கு மட்டும்தான் ஹார்மோன் என்று பேசிக்கொண்டிருந்தவன் நான்.

தைப்பூசம் முடிந்து அடுத்த மாதம், நாலாம் மாத ஊசிக்கு கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, போனோம். அன்று எனக்கு ஓய்வு நாள், போகாமல் இருக்கக் காரணம் கிடைக்கவில்லை. மிஸ்ஸி ஐம்பது வயதுப் பெண், தூடோங் முக்காட்டில் சின்ன ஊக்கு குத்தியிருந்தார். குழந்தையை நிறுத்துப் புத்தகத்தில் கோடு இழுத்தார். தொடையில் ஊசி. அவன் கத்தி ஓய்ந்தான். அவளிடம், "புவான் மாச்சாம் மானா?" என்றார். அவள் "ஓகே" என்றாள். என் பக்கம் திரும்பி, "அபாங் பூலா?" என்றார். நீங்க எப்படி அண்ணே, அவ்வளவுதான். அக்டோபரிலிருந்து என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"ஓகே, மிஸ்ஸி" என்றேன்.

மனைவி பட்டென்று சொன்னாள்: "தியா தாக் ஓகே, மிஸ்ஸி." இவர் ஓகே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டிக்கொடுத்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில் நான் சொன்னேன்: "தியா பூன் தாக் ஓகே." இவளும்தான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்வதுபோல. அவள் நான் கீழே மோட்டாரில் உட்கார்ந்திருப்பதை ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறாள். பதினோராம் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் போகவே பயந்தவள், நான் வந்துவிட்டேனா என்று பார்க்க மட்டும் போயிருக்கிறாள். அவள் ராத்திரியில் மகனின் மூச்சை எண்ணுவதை நான் கேட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்ல எங்களுக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. மிஸ்ஸி கதவைச் சாத்திவிட்டு இரண்டு தாளை எடுத்தார்.

அந்தத் தடவை அவளுக்கு 17 வந்தது. 13ஐத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு 14. பத்தாவது கேள்வியில், தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில், அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எப்போதாவது" என்பதில் குறி போட்டாள். போலீஸில் சொல்வார்களா என்று மிஸ்ஸியிடம் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. தற்கொலைக்கு முயல்வது இங்கே குற்றமாகத்தான் இருந்தது, தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. 2023இல்தான் அதை நீக்கினார்கள். நினைத்தால் குற்றம் என்று எப்போதும் இருந்ததில்லை, ஆனால் பயத்துக்குச் சட்ட நுணுக்கம் தெரியாது. மிஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் நேரம் எடுத்துப் பேசினார். பிரசவம் ஆன மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு, இரண்டு வாரத்தில் போய்விடும், அதற்கு மருந்து வேண்டாம். போகாமல் நின்றால் அது வேறு, அதற்கு வைத்தியம் உண்டு. கை தானாக ஏதாவது செய்துவிடுமோ என்று வந்த எண்ணத்தையும் அவள் அன்றுதான் சொன்னாள். அந்த எண்ணம் வந்து அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் என்றார். பயப்படாமல், குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதோ தெரிகிறது, நாள் கணக்கில் தூக்கமே வேண்டாம் என்று ஆகிவிட்டால் அதுதான் ஆபத்து. நம் ஆட்கள் பிரசவ ஜன்னி என்பதும் மலாய்க்காரர்கள் மெரோயான் என்பதும் அதைத்தான். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு. வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மந்திரிக்கப் போகக்கூடாது.

அவளுக்கு செர்ட்ராலின் மாத்திரை. பாலில் மிகக் கொஞ்சமாகத்தான் கலக்கும், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்றார். உடனே வேலை செய்யாது. மூன்றாம் வாரம் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பாட்டு முணுமுணுத்தாள், நான் அசையாமல் அடுக்களையிலேயே நின்றேன். எனக்கு மாத்திரை இல்லை, ஆலோசகரிடம் எட்டுத் தடவை. மலாயில் பேச வேண்டியிருந்தது. பொறி பழுதானால் மலாயில் மணிக்கணக்காகப் பேசுவேன், நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்பதற்கு எனக்கு மலாயில் வார்த்தை இல்லை. கடைசியில் நெஞ்சில் கையை வைத்து "பாத்து" என்றேன். கல். அவருக்குப் புரிந்தது.

மருந்தைவிட உதவியது தூக்கம் என்று நான் சொன்னால் மருத்துவர் கோபப்படுவார், ஆனாலும் சொல்கிறேன். இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை குழந்தை என்னுடையது, எடுத்து வைத்த பால், ஒரு டப்பா மாவு, அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். இரண்டுக்குப் பிறகு அவள். சூப்பர்வைசரிடம் மூன்று மாதம் பகல் வேலை கேட்டு வாங்கினேன். ஷிப்ட் அலவன்ஸ் போனதில் மாதம் 400 வெள்ளிக்கு மேல் துண்டு விழுந்தது. மனநலம் என்று சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, முதுகுவலி என்றேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். "எனக்கும் முதல் பையன் பொறந்தப்ப முதுகுவலி இருந்திச்சு" என்றார்.

கிளினிக் மூடியிருக்கிற நேரத்தில் இரவு தாங்கவில்லை என்றால், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் உண்டு, 03-7627 2929. நான் ஒரு தடவை எண்ணை அழுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். அதற்காக யாரும் திட்டவில்லை.

அம்மாவிடம் சொன்னது அந்த வருடம் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. ஆலோசகர் சொல்லச் சொல்லவில்லை, அவர் கேள்வி மட்டும்தான் கேட்டார். மனைவி துணி காயப்போட வெளியே போயிருந்தாள். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நான் சொன்னேன், குறை என்கிட்டதாம்மா, 2019லயே தெரியும், அவளைச் சொல்லக்கூடாதுன்னு நான்தான் தடுத்தேன். அம்மா உழக்கைக் கீழே வைக்கவில்லை. அந்தச் சட்டி முடியும் வரை பிழிந்தார், முறுக்கைத் திருப்பிப் போட்டார், எடுத்து வடிய வைத்தார்.

"அந்தப் புள்ளய நான் எத்தன கோயிலுக்கு இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். பிறகு, "கூலிம்காரன் அவ இடுப்புல கயித்த கட்டுனப்ப நீ வாசல்ல நின்னுக்கிட்டுத்தானடா இருந்த?"

ஆமாம் என்றேன்.

மருமகளிடம் அம்மா எதுவும் கேட்கவில்லை, மன்னிப்பும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கம் இல்லை. ஞாயிறுகளில் வந்தால் பேரனைத் தூக்கிக்கொண்டு, "நீ போயி படுத்துக்க, நான் பாத்துக்கறேன்" என்பார். அவ்வளவுதான். அவள் போய்ப் படுத்துக்கொள்வாள், நிஜமாகவே தூங்குவாள்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11. அம்மா 48 நாள் விரதம் என்று அண்ணன் போனில் சொன்னார். எழுபது வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர், பால்குடம் எடுக்கிறேன் என்கிறார். நான் போய்ச் சத்தம் போட்டேன். பேரனுக்காகத்தானே, நேர்த்திதான் போன வருடமே முடித்தாகிவிட்டதே, மறுபடியும் எதற்கு என்றேன்.

"அவனுக்கில்லடா" என்றார். "உம் பொண்டாட்டிக்கு."

மஞ்சள் சேலை, தலையில் குடம், இருபது படிக்கு ஒரு தடவை நின்றார். மகன் மனைவியின் இடுப்பில் கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவையும் நான் பின்னால்தான், அம்மாவின் செருப்பையும் தைலப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு. முந்நூறாவது படிக்கு மேல் அம்மாவுக்குக் கால் நடுங்கியது. மனைவி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா அத்த, இன்னும் கொஞ்சந்தான்" என்றாள். கொஞ்சம் இல்லை, இன்னும் இருநூறு படி இருந்தது.